தீவு பார்க்கப் போய் மழை பார்த்தோம்!

தூத்துக்குடியில் மழை என்று சொன்னால் பக்கத்துத் திருநெல்வேலிக்காரர்களே சிரிப்பார்கள். ஆண்டு முழுவதற்கும் சேர்த்து இங்கே சராசரியாகப் பெய்வது சுமார் 65 சென்டிமீட்டர்தான். அதனால்தான் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்பளம். நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதிலும் பெரும் பங்கு இந்த ஊர்ப் பக்கத்தில். மழை தாராளமாகக் கொட்டும் ஊரில் உப்பு விளையுமா, நீங்களே சொல்லுங்கள்!

ஆனால் அந்தக் கொஞ்ச மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான் வந்து சேர்கிறது. நமக்குத் தீபாவளி விடுமுறை கிடைப்பதும் அப்போதுதானே?

என் அக்கா வாழ்க்கைப்பட்டிருப்பது தூத்துக்குடியில். "தீபாவளிக்கு மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வா, தீவு காட்டறேன்" என்று ஆசை காட்டியிருந்தாள். என் பெரியவனுக்குப் பத்து வயது. சின்னவளுக்கு மூன்று முடிந்து இரண்டு மாதம். தீவு என்றால் இருவர் மனத்திலும் கதைப் புத்தகத் தீவுதான். நாலு தென்னை, ஒரு படகு, மண்ணுக்குள் புதையல் பெட்டி! நாங்கள் போய் இறங்கிய அன்று இரவே மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விட்டு விட்டுப் பெய்தது; ஆனால் விடவேயில்லை.

தீவு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயில் அடித்திருந்தாலும் குழந்தைகள் நினைத்தபடி அங்கே இறங்கி ஓடியாடியிருக்க முடியாது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் வரிசையாக 21 தீவுகள். 1986-ல் அவற்றைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். வனத்துறையின் காவலில் இருப்பதால் நம் இஷ்டத்துக்குப் போய் இறங்கக் கூடாது. அதுவும் நியாயம்தான். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று பல காலம் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில், அலையைத் தடுக்கும் அரண் போய், தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தண்ணீருக்குள்ளேயே போய்விட்டன. வான் தீவும் கரைந்து சிறுத்துவிட்டது. கடலடியில் செயற்கைப் பாறைகளை இறக்கி அதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். கடைத்தெருவில் யாராவது அலங்காரத்துக்கென்று பவளப்பாறைத் துண்டை நீட்டினால் வாங்காதீர்கள். சட்டப்படியும் குற்றம்.

துறைமுகத்தை ஒட்டிய முயல் தீவுக்குச் சாலை வழியாகவே போகலாம். எங்களுக்கு அந்த யோகமும் இல்லை. காலையில் வெளியே போய்விட்டு வந்த அத்தான், "ஹார்பர்ல 3-ம் எண் கூண்டு ஏத்தியிருக்காங்க" என்று சொல்லியபடியே குடையை மடக்கினார்.

"கூண்டுக்குள்ள யாரு இருக்கா? கிளியா?" என்று கேட்டாள் சின்னவள்.

வீடே சிரித்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், வானொலியிலும் டி.வி.யிலும் ஆயுசு முழுக்கக் கேட்கிறோம், கூண்டு என்றால் என்னவென்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? உயரமான கம்பத்தில் கூம்பு வடிவிலும் உருளை வடிவிலும் பெரிய கூடைகளைத் தொங்க விடுகிறார்கள். எந்த வடிவம், மேலா கீழா என்பதை வைத்து, கடலில் இருப்பவர்கள் எச்சரிக்கையைப் படித்துக்கொள்கிறார்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். மொத்தம் 11 எண்கள். 1, 2 என்றால் ஆபத்து தொலைகடலில். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம். 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்! அத்தான் சொல்லச் சொல்ல, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரியவன் 11 கட்டம் போட்டு, கம்பமும் கூடையும் வரைந்து, கலர் பென்சிலால் தீட்டினான். ஒரு முழுக் காலைப் பொழுது போயிற்று. அடுத்த மூன்று நாளும் எழுந்ததும் முதல் கேள்வி, "இன்னைக்கு எத்தனாம் நம்பர்?" என்பதுதான்.

அன்று மாலை இன்னொரு வேலை கொடுத்தேன். அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கங்கள் நேராக இருக்கும் எவர்சில்வர் டப்பா ஒன்றை மொட்டைமாடியில் சுவர் மறைக்காத இடத்தில் வைத்து, காற்றில் கவிழாமல் சுற்றிலும் செங்கல் முட்டுக் கொடுத்தோம். காலை 8.30 மணிக்கு உள்ளே பள்ளிக்கூட ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால் அதுதான் மழை அளவு. வானிலை நிலையத்திலும் அந்த நேரத்துக்குத்தான் நாள் கணக்கை முடிக்கிறார்கள். முதல் நாள் 4 செ.மீ., அடுத்த நாள் 7 செ.மீ. ஒன்று மறந்துவிடாதீர்கள்: அளந்தவுடன் டப்பாவைக் கவிழ்த்துவிட வேண்டும். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். நாம் மழையை அளக்கப் போய் அது குடும்பம் நடத்தக் கூடாது!

7 செ.மீ. என்றதும் பையனுக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காவின் மாமியார், எங்கள் எல்லோருக்கும் ஆச்சி, வெற்றிலையை மடித்துக்கொண்டே, "இது ஒரு மழையாய்யா? காயல்பட்டணத்துல ஒரே நாள்ல பேஞ்சதை உங்க அத்தான்கிட்ட... இல்ல, உங்க பெரியப்பாகிட்ட கேளு" என்றார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை அது. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பதிவாயிற்று, திருச்செந்தூரில் 69. வெறும் எண்ணாகச் சொன்னால் குழந்தைக்கு என்ன புரியும்? அத்தான் சாக்குக் கட்டியை எடுத்து, டேப்பால் தரையிலிருந்து அளந்து, சுவரில் 95 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு இழுத்தார். பிறகு சின்னவளைக் கூப்பிட்டு அதன் பக்கத்தில் நிற்க வைத்தார். கோடு சரியாக அவள் உச்சந்தலையில் நின்றது. எனக்கு வயிற்றை என்னவோ செய்தது. 65 செ.மீ.யில் இன்னொரு கோடு. அது ஊரின் ஒரு வருஷத்து மழை. அவள் நெஞ்சுக்கு வந்தது. பெரியவன் இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷ மழையைவிட ஒரு நாள் மழை பெரிசா?" என்று கேட்டான். ஆமாம், அதுதான் நடந்தது.

அந்த இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணும் ஜல்லியும் அரித்துக்கொண்டு போய்விட்டன. வண்டியில் சுமார் 800 பேர். சுற்றிலும் வெள்ளம். முழுவதுமாக எல்லோரையும் மீட்க 19-ந் தேதி ஆயிற்று. அதுவரை, பக்கத்துப் புதுக்குடி கிராமத்து ஜனங்கள் தங்கள் வீடே தண்ணீரில் தத்தளிக்கும்போது, பயணிகளுக்குச் சமைத்துப் போட்டார்கள். ஆச்சி இதைச் சொல்லும்போது, அந்த அடுப்படியில் தாமே நின்றவர் மாதிரி சொன்னார். நான் இதிலிருந்து சொந்த முறையில் ஒரு விதி வைத்திருக்கிறேன்: மஞ்சள் எச்சரிக்கை என்றால் குடையோடு போவோம், சிவப்பு என்றால் டிக்கெட்டுப் பணம் போனாலும் போகட்டும், குழந்தைகளோடு கிளம்புவதில்லை.

மழைநாள் விளையாட்டுக்கு வருகிறேன். சோழி உருட்டித் தாயம், புளியங்கொட்டை வைத்துப் பல்லாங்குழி, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். பல்லாங்குழியில் நாலு கொட்டை சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்வோம் அல்லவா, அதில் சின்னவளுக்கு நாலு வரை எண்ணிக்கை நிலைத்துவிட்டது. ஆனால் இந்த ஊருக்கே உரிய ஒரு விளையாட்டு எங்களுக்கு அமைந்தது. முத்துக்குளிப்பு விளையாட்டு!

தூத்துக்குடிக் கடலில் முத்துச் சிப்பி படுகைகளைப் 'பார்' என்பார்கள். காற்றும் அலையும் அடங்கிய மாசி, பங்குனியில்தான் குளிப்பு நடக்கும். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லில் காலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிக்குப் போய், கைக்குக் கிடைத்த சிப்பிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு மேலே வருவார். கரைக்கு வந்த சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. சர்க்கார் பங்கை அப்படியே, திறக்காமலே, ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்பது எடுத்தவர் அதிர்ஷ்டம். இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? பழைய செய்தித்தாளில் முப்பது சின்னப் பொட்டலம் மடித்தோம். நாலே நாலில் மட்டும் ஒரு ஜவ்வரிசி; மற்றவை வெறும் பொட்டலம். கூடத்தில் நீலப் போர்வையை விரித்தால் கடல். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தம்மில் எத்தனை பொட்டலம் பொறுக்க முடியுமோ அத்தனை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு குவியல் பிரித்தோம். இரண்டு பங்கு ஆச்சி முன்னால் போனதும் பெரியவன் கத்தினான்: "இது அநியாயம்! மூழ்கினது நாங்கதானே?"

"கடல் சர்க்காருதுன்னு சொல்லிட்டாங்கல்லா, பெறவு என்ன?" என்றார் ஆச்சி, சிரிக்காமல்.

ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து ஏலம் நடத்தினோம். பத்தையும் ஒரே குவியலில் போட்ட பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு முத்துகூட இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் அவனையே முத்து சலிக்கிற தரகர் ஆக்கினோம். நிஜத்தில் முத்துக்களை வெவ்வேறு அளவுத் துளை போட்ட பித்தளைச் சல்லடைகளில் இட்டுப் பிரிப்பார்கள். எங்களிடம் வடிதட்டு, கோதுமைச் சல்லடை, மாவுச் சல்லடை. பெரிய ஜவ்வரிசி, சின்ன ஜவ்வரிசி, ரவை மூன்றையும் கலந்து கொடுத்தேன். அரை மணி நேரம் சத்தமே இல்லை! சலித்த முத்தெல்லாம் சாயங்காலம் பாயசமாயிற்று.

பாயசம் கொதிக்கும்போது ஆச்சி ஒரு கதை சொன்னார். சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளியை, சிப்பி வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளுமாம். அதுதான் முத்தாக விளையுமாம். ஐப்பசியில் சூரியன் சுவாதியில் இருக்கும் நாட்களில் மழை பெய்தால், அந்தக் காலத்துப் பெரியவர்கள், "கடலுக்குள்ள முத்து வெதைக்கிறாங்க" என்பார்களாம். அழகான கதை! உண்மை வேறு. சிப்பிக்குள் ஏதாவது உறுத்தும் பொருள் போய்விட்டால், அது தன் உடலிலிருந்து சுரக்கும் பளபளப்பான பூச்சை அதன்மேல் அடுக்கடுக்காகப் பூசுகிறது. மழைத் தண்ணீரால் கடலின் உப்பு குறைந்தால் சிப்பிக்குக் கஷ்டம்தான். நாமே ஒரு மணியை உள்ளே வைத்து முத்து விளைவிக்கும் முறையில் நம் நாடு முதலில் வெற்றி கண்டது இதே தூத்துக்குடியில், 1973-ல். மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர் கே. அழகர்சாமி செய்த வேலை. கதையையும் சொன்னேன், உண்மையையும் சொன்னேன். சின்னவள் கதையை எடுத்துக்கொண்டாள், பெரியவன் உண்மையை.

மூன்றாம் நாள் மழை சற்று ஓய்ந்த நேரத்தில், ஆட்டோ வைத்துக்கொண்டு பனிமய மாதா கோயிலுக்குப் போனோம். மாதாவின் சொரூபம் 1555-ல் கடல் கடந்து மணிலாவிலிருந்து வந்தது என்பார்கள். இப்போதுள்ள கோயில் 1713-ல் கட்டியது. 1982-ல் பேராலயமாக உயர்ந்தது. பனி என்பதையே பார்த்திராத உப்பு ஊருக்குப் பனி மாதா! ஆகஸ்டு 5-ந் தேதி திருவிழாவுக்கு எல்லா மதத்தாரும் வந்து குவிவார்கள். மழைநாளில் அந்த உயரமான கூடத்தில் கூட்டமில்லாமல், ஓட்டில் விழும் தண்ணீர்ச் சத்தத்தோடு உட்கார்ந்திருந்தோம். இரண்டு வால்களும் கால் மணி நேரம் வாய் திறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது மக்ரூன். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி இந்த மூன்றுதான். நுரைக்க நுரைக்க அடித்து, கூம்பாகப் பிழிந்து, மிதமான சூட்டில் வெகுநேரம் வைத்து எடுப்பது. "மழைநாள்தானே, வீட்டிலேயே செய்து பார்ப்போமே" என்று யாருக்காவது தோன்றினால், என் அபிப்பிராயம்: வேண்டாம்! காற்றில் ஈரம் இருந்தால் நுரை இறுகாது, பிசுபிசுவென்று வழியும். வாங்கிய மக்ரூனையும் அட்டைப் பெட்டியில் விடாமல், வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள். இல்லையென்றால் மறுநாள் நமத்துப் போயிருக்கும்.

மீன் கதை வேறு. படகு போகாத நாளில் கடற்கரை ஊரில் ஏது நல்ல மீன்? "கடலுக்கு ஒருத்தரும் போவல, எங்கன இருந்து மீன் வரும்?" என்று ஆச்சி பரணிலிருந்து கருவாட்டுப் பானையை இறக்கினார். கத்தரிக்காயும் மாங்காய் வற்றலும் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. வெளியே மழை, உள்ளே சுடுசோறு. அடேயப்பா! கூடவே உடன்குடிக் கருப்பட்டி போட்ட சுக்குக் காபி.

அன்று மத்தியானம்தான் அந்த அம்மாள் வந்தார். உப்பளத்தில் வேலை செய்பவர். ஆச்சிக்கு நெடுநாள் பழக்கம். திண்ணையில் நின்று முந்தானையைப் பிழிந்தவரிடம் பெரியவன் ஸ்கேலோடு ஓடினான். "ஏழு சென்டிமீட்டர் பேஞ்சிருக்கு!"

"அப்படியாய்யா?" என்றவர், "இன்னும் பெய்யுமாமா?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் அவன் ஸ்கேலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

காபி கொடுத்து உட்கார வைத்தோம். "மழை வந்துட்டா பாத்தியெல்லாம் கொளமாயிரும்மா. அம்பாரத்துல கெடக்கிற உப்பை ஓலை போட்டு மூடிருவாங்க. எங்களுக்கு வேலை கெடையாது. தை பொறந்து, தண்ணிய எறச்சு, சகதிய வழிச்சு, பாத்திய மிதிச்சுச் சரி பண்ணி... பெறவுதான் உப்பு."

"அதுவரைக்கும்?"

"கெடைக்கிற வேலைதான். கட்டட வேலைக்கும் இந்த மழையில போக முடியாதுல்லா?"

வெயில் மாதங்களில் விடியுமுன் பாத்தியில் இறங்குகிறார்கள். உப்பின் வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கெடுக்கிறது. உப்பு நீர் பாதத்தைப் புண்ணாக்குகிறது. இதையெல்லாம் நம் ராஜம் கிருஷ்ணன் இங்கே வந்து, இவர்களோடு பழகி, 'கரிப்பு மணிகள்' என்ற நாவலாக எழுதினார். மழை மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை தரும் திட்டத்தை மாநில அரசு கொண்டுவந்தது. நல்ல காரியம்தான். ஆனால் மூன்று மாதத்துக்கு 5,000 ரூபாய் எந்த மூலைக்கு? மளிகைச் சாமான் வாங்கும் நம்மைப் போன்றவர்களுக்குக் கணக்குத் தெரியாதா?

அவர் போன பிறகு பெரியவன், "பாத்தி எப்படிக் காயும்?" என்று கேட்டான். ஒரு டம்ளர் வெந்நீரில் கல்லுப்பைக் கரையும் மட்டும் கரைத்து, அகலமான பீங்கான் தட்டில் ஊற்றி ஜன்னலோரம் வைத்தோம். நாங்கள் கிளம்பும் வரை அது தண்ணீராகவே இருந்தது. மழைக் காற்றில் எப்படி வற்றும்? ஊருக்கு வந்து மொட்டைமாடி வெயிலில் வைத்த மூன்றாம் நாள், ஓரத்தில் சதுரம் சதுரமாக உப்பு பூத்தது. நீங்களும் செய்து பாருங்கள். மழையில் ஒரு தட்டு, வெயிலில் ஒரு தட்டு என்று வைத்தால் இன்னும் விளங்கும்.

நாலு நாளில் குழந்தைகளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. தெருத் தண்ணீரில் கால் வைத்து வந்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தோம். காலில் காயம் இருந்தால் அந்தத் தண்ணீரில் இறங்கவே விடக் கூடாது. எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது. குடிதண்ணீரை நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆற வைத்தோம். ஈரக் கையோடு ஸ்விட்சைத் தொடாமல் இருக்க, ஸ்விட்ச் பலகைக்குக் கீழே ஆச்சி ஒரு துண்டைத் தொங்க விட்டிருந்தார். அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது.

உப்பளம் பார்க்க வேண்டும் என்றால் மாசிக்குப் பிறகு, விடியற்காலையில் போங்கள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி அவசியம். ஐப்பசி, கார்த்திகையில்தான் விடுமுறை கிடைக்கிறது என்றால் பெட்டியில் துணிமணியோடு ஒரு ஸ்கேல், சாக்குக் கட்டி, கலர் பென்சில், நாலு சோழி, டார்ச், காற்றுப் புகாத டப்பா ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஜவ்வரிசியைச் சுமக்க வேண்டாம். அது எந்த ஊர் மளிகைக் கடையிலும் கிடைக்கும்.